குறி போடாத சட்டைகள்

ஓர் அரபு நகரத்தில் அரசாங்கத்தை எதிர்த்துச் சனங்கள் திரண்டு சதுக்கத்தை நிறைத்தார்கள். கண்ணீர்ப்புகை அடித்துக் கலைத்த பிறகு, அங்கே போனவர்கள் யார் யார் என்று அரசாங்கம் தேட ஆரம்பித்தது. கேமரா வைத்தார்கள், போனை ஒட்டுக்கேட்டார்கள். கடைசியில் உளவு அதிகாரி நுஃமான், பிழைக்கப் போயிருந்த சூசைராசு வேலை பார்த்த சலவைக்கடைக்கே வந்துவிட்டார்.

"புகைநாற்றம் அடிக்கிற சட்டையெல்லாம் எடு. யாருடையது என்று சொல். சொல்லாவிட்டால் முதலில் உன்னை உள்ளே வைப்பேன்."

சதுக்கத்துக்குப் போய்வந்த அந்தத் தெருப் பிள்ளைகளின் சட்டைகளும் கிடந்த மூட்டையைச் சூசைராசு அவிழ்த்தான். நுஃமான் ஒவ்வொன்றாக மோந்து பார்த்துத் தும்மினார். கட்டம்போட்ட சட்டை ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

"நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. இவன்தான் தலைவன். யார் இவன்?"

"நீங்கதான் ஐயா. கூட்டத்துக்குள் மாறுவேஷத்தில் போய்வந்து, நீங்களே கொடுத்தது."

நுஃமானுக்குக் குழம்பிவிட்டது. "சரி, என் ஆட்கள் துணியை ஒதுக்கு. மிச்சத்துக்குப் பெயர் சொல்."

"எப்படி ஒதுக்க? உங்க ஆட்கள் துணியில் சலவைக் குறி போடாதே, பெயரும் கேட்காதே என்று உத்தரவு போட்டது நீங்க. அதைப் பார்த்து ஊரே குறி வேண்டாம் என்றுவிட்டது. அவரவர் வந்து அவரவர் சட்டையை எடுத்துப் போகிறார்கள்."

"அப்படியென்றால் சதுக்கத்தில் நின்றவர்களில் நம் ஆள் எத்தனை பேர்?"

"எனக்கும் புரியவில்லை ஐயா. மூட்டையோடு மேலிடத்துக்கு அனுப்பிவிடலாமா? அவர்கள் மோந்து பார்த்துச் சொல்லட்டும்."

நுஃமான் கையிலிருந்த கட்டச் சட்டையைப் பார்த்தார்.

"எல்லாவற்றையும் துவை," என்றார். கடைசிச் சட்டை இயந்திரத்துக்குள் போகும்வரை பக்கத்திலேயே நின்றார்.