அரண்மனைக்குப் போன சிவப்பு வயிற்று நீர்ப்பல்லி

மேகம் எது, மலை எது என்று காக்கைக்கே விளங்காத ஒரு மேட்டுச் சீமையிலே, கொண்டல்ராசன் என்று ஒரு ராஜா இருந்தானாம். பல்லி சொன்னால்தான் எழுந்திருப்பான், பல்லி சொன்னால்தான் சாப்பிடுவான், பல்லி சொன்னால்தான் கொட்டாவியை முடிப்பான். ஒருநாள் பாதிக் கொட்டாவியில் பல்லி பேசாமல் இருந்துவிட, சாயங்காலம் வரை வாயைப் பிளந்தபடியே உட்கார்ந்திருந்தான். ஈ போனதா என்று கேட்காதீர்கள், போனது.

பல்லி சொன்னதற்குப் பலன் சொல்ல சடைப்பன் என்று ஒருத்தன் இருந்தான். வாய் பலன் சொல்லும், கண் மட்டும் ராஜாவின் சிம்மாசனத்தை விட்டு நகராது.

ஒருநாள் அரண்மனைப் பல்லி கிழடுதட்டிச் செத்துப்போச்சு. வேறு பல்லி பிடிக்கப் போன சடைப்பன் ஒரு சுனையை எட்டிப் பார்த்தான், பார்த்தால் உள்ளே என்னவோ நெளிகிறது. முதுகு கரி நிறம், வயிறு பழுத்த மிளகாய்ச் சிவப்பு. மீன் என்று பார்த்தால் கால் இருக்கிறது. தவளை என்று பார்த்தால் வால் இருக்கிறது. பல்லி என்று பார்த்தால் தண்ணீருக்குள் இருக்கிறது. தலையைச் சொறிந்தான், சொறிந்துவிட்டுப் பல்லிதான் என்று பிடித்துக்கொண்டான்.

அது நீர்ப்பல்லி. முட்டையிடும் நேரம் அதற்கு. மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகிற ரகமில்லை. ஒரு முட்டை இட்டு, நீர்ச்செடி இலை ஒன்றைப் பின்னங்காலால் வெற்றிலை மாதிரி மடித்து, அதற்குள்ளே பொதிந்துவிட்டு, அப்புறம்தான் அடுத்தது. பாதி முட்டை இலைக்குள்ளே, பாதி இன்னும் வயிற்றுக்குள்ளே. அது சடைப்பனைக் கெஞ்சியதாம், எனக்குக் குரலே கிடையாது, காய்ந்த இடத்தில் பிழைக்க மாட்டேன், மீதி முட்டையை இட்டு முடிக்கணும் என்று. குரல் இல்லாதது எப்படிக் கெஞ்சியது என்கிறீர்களா? கதையில் பேசும், சுவரில் பேசாது.

ஊமைப் பல்லியா, ரொம்ப வசதி என்று அவன் நினைத்துக்கொண்டான். கொண்டுவந்து சிம்மாசனத்துக்கு மேலே சுவரில் ஒட்டவிட்டான். அதற்கு ஒட்டுகிற விரலா இருக்கிறது? வழுக்கி ராஜாவின் தோளில் விழுந்தது. தோளில் விழுந்தால் சுமையைக் குறைக்கணும் என்று சொல்லிச் செங்கோலை வாங்கிக்கொண்டான் சடைப்பன். மறுபடி ஒட்டினான், மடியில் விழுந்தது. மடியில் விழுந்தால் பட்டு ஆகாது என்று சால்வையை உருவிக்கொண்டான். மறுபடி ஒட்டினான், தலையிலேயே விழுந்தது.

"தலையில விழுந்தா உயிருக்கே ஆபத்து மகாராஜா. நீங்க கீழ உட்காருங்க. அந்த தோஷத்தை மேல உட்கார்ந்து நான் தாங்கிக்கிறேன்."

சடைப்பன் மேலே, ராஜா கீழே. பக்கத்தில் தோல் காய்ந்து சுருண்டு கிடக்கிறது நீர்ப்பல்லி. ராஜா பாவப்பட்டு, குடிக்க வைத்திருந்த செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றினான். அது மெல்லக் கண் திறந்து, நான் பல்லியே இல்லை, என்னைச் சுனையில் விட்டுவிடு என்றது.

ராஜா ரொம்ப நேரம் யோசித்தான். "நீ பல்லியா இருந்தாத்தான் நீ சொல்றதை நான் நம்பலாம். நீ பல்லின்னா, பல்லி இல்லேன்னு சொல்றது பொய்யாயிடும். இப்ப நான் நம்பணுமா, வேண்டாமா?"

"எனக்குத் தலை சுத்துது ராஜா. இன்னும் கொஞ்சம் ஊத்து."

மேலே இருந்தவன் காதில் இது விழுந்தது. இனி இதை விட்டுவைத்தால் மோசம் என்று தடதடவென்று இறங்கி வந்தான். பல்லியை விழுங்கினால் அதன் வாக்கு நாக்கில் குடியேறும் என்று ஒரு சாஸ்திரத்தை அங்கேயே உண்டாக்கி, கீழே கிடந்ததைத் தூக்கினான். நீர்ப்பல்லி முதுகை வில்லாக வளைத்து, தாடையை மேலே தூக்கி, வாலை மேலே சுருட்டி, சிவப்பு வயிற்றைக் காட்டியது. தோலெல்லாம் விஷம், தொடாதே, தின்னாதே என்று அர்த்தம். கொக்கு பார்த்தால் விலகும், பாம்பு பார்த்தால் விலகும், பச்சைத் தவளைகூட விலகும். ஊருக்கெல்லாம் குறி சொன்னவனோ, "பாருங்க, என்னைத் தின்னுன்னு அண்ணாந்து கும்பிடுது" என்று வாயில் போட்டுக்கொண்டான்.

உதடு மரத்தது. நாக்கு மரத்தது. தாடையும் மரத்தது. தூவென்று துப்பினான், ஒரு முன்னங்கால் மட்டும் அவன் பல்லிலே மாட்டிக்கொண்டது. செத்தானா என்றால் இல்லை, ஆனால் நாக்கு கட்டையாகிப் போச்சு. என்ன பேசினாலும் "ச்சு... ச்சு..." என்றுதான் வருகிறது.

ராஜாவுக்கு இது கிழக்கே சொன்ன ச்சுவா, மேற்கே சொன்ன ச்சுவா என்று புரியவில்லை. சுவரைப் பார்த்தான், காலியாக இருந்தது. ஒரு காலைத் தூக்கினான், வைக்கலாமா என்று தெரியாமல் அப்படியே நின்றான்.

கீழே கிடந்த நீர்ப்பல்லி சொன்னது: "கால் போனா எனக்கு முளைச்சுக்கும் ராஜா. முட்டை போனா முளைக்காது."

அதைக் கேட்டதும், யாரையும் கேட்காமல், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, ராஜா தூக்கிய காலைக் கீழே வைத்தான். நீர்ப்பல்லியைச் செம்புத் தண்ணீரில் விட்டான், கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினான். வழியெல்லாம் மேகம். எங்கே பாதை பிரிந்தாலும் திகைத்து நின்றான்; தண்ணி ஓடி வர்ற வழியே ஏறு என்று செம்புக்குள்ளிருந்து குரல் வரும், ஏறுவான்.

சுனையில் விட்டதும் அது மூன்று காலோடு நீந்திப் போய் ஓர் இலையை மடிக்க ஆரம்பித்தது. நான் செய்தது சரியா என்று ராஜா குனிந்து கேட்டான். அது இலையை மடிப்பதிலேயே இருந்தது. சரிதான் போலிருக்கிறது என்று அவனே சொல்லிக்கொண்டு திரும்பினான்.

சடைப்பன் இன்னமும் அரண்மனை மூலையில் ச்சு கொட்டிக்கொண்டிருக்கிறான். போகிறவர்கள் பல்லி சொன்னால் தட்டுகிற மாதிரி தரையை மூன்று தட்டு தட்டிவிட்டு, நின்றுகூடக் கேட்காமல் போகிறார்கள்.

சிவப்பு வயிற்றை ஒன்று காட்டினால் ஒதுங்கிப் போங்கள், அர்த்தம் கண்டுபிடிக்காதீர்கள். அது இலையை மடித்தது, நான் கதையை மடித்தேன், நீங்கள் காலை மடக்கித் தூங்குங்கள்.