தேங்காய் தட்டிய சுவர்

பள்ளத்தில் இருந்த அந்தக் கடலோர நகரத்தில், மழைத் தண்ணீர் வடியாமல் அடுப்படிவரை வந்துவிட்டது. பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது? திவான், மதகு பார்க்கும் செங்கமலத்தை ஊர் நடுவே நிறுத்தினார்.

"வாய்க்காலை அடைத்தது நீதான். உன் வீட்டை இடிக்கப் போகிறேன்!"

"வேற யாராவது அடைச்சிருந்தா, எசமான்?"

"எவன் வீடானாலும் இடிப்பேன்!"

மழைக்கு முன் மதகுச் சாமிக்கு மட்டைத் தேங்காய் விடுவது ஊர் வழக்கம். செங்கமலம் அப்படி ஒன்றை வாய்க்காலில் விட்டாள்.

"இது எங்கே நிக்குதோ அங்கேதான் அடைப்பு."

ஊரே பின்னால் நடந்தது. மிதந்து போன தேங்காய், வாய்க்காலுக்குக் குறுக்கே திவான் கட்டிய புது மாளிகையின் சுவரை டொக் டொக்கென்று முட்டியது.

செங்கமலம் கும்பிட்டாள்.

"கடப்பாரை நான் கொண்டு வரவா எசமான், இல்லே வீட்டிலேயே இருக்கா?"