ஓட்டை வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு வரும் என்பதால் நானும் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ராஜாவுக்குத் தாம் மார்பில் பூசும் கலவைச் சந்தனத்தின் மேல் உயிர். அதில் என்னென்ன சேரும் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்: ராஜா, சந்தனச் சாலை அதிகாரி வரதராயர், அதை அரைத்துக் கலக்கும் முத்துவடிவு.

ஒருநாள் அதே வாசனை சந்தைக் கடையில் வீசியது. ராஜா கொதித்துப் போனார்.

"பிரபு, பெண் வாய் ஓட்டை வாய்! ரகசியம் தங்காது. இவளை நீக்கிவிட்டு என் மருமகனை நியமிக்கலாம்" என்றார் வரதராயர்.

முத்துவடிவு கைகட்டி நின்றாள். அந்த வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

ராஜா தம் அரசவை விகடன் சொக்கப்பனைப் பார்த்தார். "எந்த வாய் ஓட்டை என்று நாளைக்குள் நிரூபித்துக் காட்டும். தவறினால் அவளோடு நீரும் நடையைக் கட்டலாம்."

சொக்கப்பனுக்கு அலுத்துவிட்டது. யாராவது பொறாமைப்படுவதும், ராஜா முறுக்கிக்கொள்வதும், தான் கோணங்கித்தனம் செய்து சிரிக்க வைப்பதுமே பிழைப்பாகிப் போயிற்று. முட்டி வேறு வலித்தது. ஆனாலும் பேசாமல் நின்ற அந்தப் பெண்ணை விட்டுவிட மனசு கேட்கவில்லை.

மறுநாள் வரதராயரும் முத்துவடிவும் காத்திருந்த ராஜாவின் தனியறைக்கு ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தான். "பிரபு, பானை ஓட்டையா என்று எப்படிப் பார்ப்போம்? தண்ணீர் ஊற்றித்தானே? இருவரும் ஆளுக்கொரு மடக்கு வாயில் வைத்துக்கொள்ளட்டும். விழுங்கக்கூடாது, துப்பக்கூடாது."

இருவரும் வாயில் ஊற்றிக்கொண்டதைப் பார்த்து ராஜாவுக்கும் ஆசை வந்துவிட்டது. தாமும் ஒரு மடக்கு வாங்கி அடக்கிக்கொண்டார்.

சொக்கப்பன் முட்டியைத் தடவியபடி தரையில் உட்கார்ந்தான். "அப்படி என்ன பெரிய ரகசியம்? சந்தனம், இரண்டு பல் பூண்டு, ஒரு பிடி கருவாட்டுத் தூள்."

வரதராயர் முகம் சிவந்தது. முத்துவடிவு அசையவில்லை.

"இதற்கு அதிகாரி எதற்கு? ராயருக்கு ஒன்றும் தெரியாதாம். எல்லாம் அந்த அம்மாள் கைவண்ணமாம்."

"யாருக்குத் தெரியாது?" என்று வெடித்தார் ராயர். வாய்த் தண்ணீர் அவருடைய பட்டு அங்கவஸ்திரத்தில் கொட்டியது. "மகிழம்பூ ஊறிய பிறகு புனுகு சேர்க்கச் சொன்னதே நான்தான்!"

"சந்தைக் கடைக்காரனும் இப்படித்தான் உம்மைச் சீண்டினானோ?"

ராயர் தலை கவிழ்ந்தது. ராஜா அடக்க முடியாமல் சிரித்தார். அவர் வாய்த் தண்ணீர் முழுவதும் சொக்கப்பன் முகத்தில் தெறித்தது.

"ஒழுகியவை இரண்டும் ஆண் வாய், பிரபு" என்றான் அவன், முகத்தைத் துடைத்துக்கொண்டு. ராஜா இன்னும் சிரித்தார்.

முத்துவடிவின் கன்னம் உப்பியபடியே இருந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது. அதுவரை அவளைத் துப்பச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"போதும் தாயி, துப்பிடு" என்றான் சொக்கப்பன்.

அவள் முற்றத்தில் துப்பிவிட்டு வந்தாள். "இத்தனை வருசமா இந்த வாயை மூடித்தானே வச்சிருந்தேன், சாமி. அதை யாருமே பார்க்கலியே?"

ராஜாவின் சிரிப்பு நின்றது. ராயரை நீக்கிச் சாலையை அவள் பொறுப்பில் விட்டார். இனி ரகசியம் கசிந்தால் யார் வாய் ஒழுகியது என்று விசாரிக்க வேண்டுமே தவிர, பெண் வாயா என்று பார்க்கக்கூடாது என்றும் உத்தரவிட்டார். தம் சால்வையை எடுத்துச் சொக்கப்பனுக்குப் போர்த்தினார். "வேறென்ன வேண்டும், கேளும்!"

"மகிழம்பூவும் புனுகும் என் காதிலும் விழுந்துவிட்டன. ரகசியத்தைக் காக்க வேண்டாமா? ஒரு மாதம் நான் வாயே திறக்கக்கூடாது என்று ஆணையிடுங்கள், பிரபு."

ராஜா மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்து, அப்படியே ஆணையிட்டார். சொக்கப்பன் வீட்டுக்குப் போய், முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தான்.