கடித்த மணல்குழி

வாகைக்காட்டில் ஒரே களேபரம்! கோணக்குளத்தின் கரையில் விலங்குகள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றன. நடுவில் தலையைத் தொங்கப்போட்டபடி நின்றது பூனை புள்ளிச்சி. அதன் வயிற்றுக்கடியில் இரண்டு குட்டிகள் ஒண்டிக்கொண்டிருந்தன.

"முந்தாநாள் குரங்கண்ணன் சாப்பாடு வச்சிருந்த இலையில! நேத்து மயிலக்கா ஆடுற இடத்துல! இன்னிக்கு என் படுக்கையில!" என்று முயல் குதித்துக் குதித்துச் சொன்னது. "மூணு நாளா காய்ஞ்ச புல்லாப் பார்த்துப் பார்த்து அடுக்கின படுக்கை! இப்போ பக்கத்துல கூடப் போக முடியல!"

விஷயம் இதுதான். அந்தக் காட்டில் எல்லோருக்கும் குடிதண்ணீர் கோணக்குளம் ஒன்றுதான். அதனால் கண்ட இடத்தில் அசிங்கம் செய்யக்கூடாது என்று கட்டுப்பாடு. ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். புள்ளிச்சிக்கு அத்திமரத்தடியில் ஒரு மணல்குழி. போகும், சிறுநீர் கழிக்கும், மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்துவிடும். ஒரு வருஷமாக அதன்மேல் ஒரு புகார் கிடையாது. அப்பேர்ப்பட்ட புள்ளிச்சிதான் பத்து நாளாகக் காட்டையே நனைத்துக்கொண்டிருந்தது!

காட்டார் சும்மா இருந்தார்களா? இருப்பார்களா! முதலில் கூடி நின்று அதட்டினார்கள். பூனை பயந்துபோய்ப் புதருக்குள் ஒளிந்தது. அங்கேயே நனைத்தது. குரங்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பூனையின் கழுத்தைப் பிடித்து அதன் மூக்கை ஈரத்தில் வைத்துத் தேய்த்தது. "இனிமே செய்வியா? செய்வியா?" என்று கேட்டது. மறுநாள் தூரத்தில் குரங்கின் வாலைப் பார்த்ததுமே புள்ளிச்சிக்கு நின்ற இடத்திலேயே போய்விட்டது! மயில் தாழம்பூ கொண்டுவந்து அங்கங்கே போட்டது. அதன்பிறகு காட்டில் இரண்டு வாசனையும் சேர்ந்து வீசியது. அந்தக் கொடுமையை என் வாயால் சொல்ல மாட்டேன்.

எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தவர் முள்ளம்பன்றி முள்ளப்பர். மணல்குழியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. தினமும் விடிந்ததும் குழிக்குள் இறங்கிப் புரண்டு, முதுகு முட்களால் மணலைச் சீவிவிடுவார். சீவி முடித்தால் உழுத வயல் மாதிரி வரிவரியாகக் கோடு விழுந்திருக்கும். "ஆகா! என்ன சுத்தம்! என்ன அழகு!" என்று எல்லோரும் விளிம்பில் நின்று பாராட்டுவார்கள். பாராட்டப் பாராட்ட அவர் இன்னும் அழுத்திச் சீவுவார்.

"இவ்வளவு அழகா நான் சீவி வைக்கிறேன்! அதை விட்டுட்டு ஊரெல்லாம் நனைக்கிறா! கொழுப்பு! இவளைத் துரத்துங்க கரடியாரே!" என்று அவர் கத்தினார்.

கரடியார்தான் காட்டுக்கு நாட்டாமை. அவர் தம் பாறைமேல் உட்கார்ந்து தாடையைச் சொறிந்தார். பிறகு கனைத்துக்கொண்டார்.

"புள்ளிச்சி! பொறுத்துப் பொறுத்துப் பாத்தாச்சு. பொழுது சாயறதுக்குள்ள உன் குட்டிகளைக் கூட்டிக்கிட்டு ஓடையைத் தாண்டிப் போயிரணும்!"

பூனை குட்டிகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் நரிகளின் காடு! குட்டிகளோ இன்னும் ஓடக்கூடப் பழகவில்லை.

"ஐயா! என்னை என்ன வேணா பண்ணுங்க! ஆனா அங்க மட்டும் அனுப்பாதீங்க! இந்தப் பிஞ்சுகளைப் பாருங்கய்யா!" என்று அது கதறியது. "நான் குழிக்குப் போகாம இல்ல. தினமும் போறேன். ஆனா குழி கடிக்குது!"

அடுத்த கணம் காடே அதிரும்படி சிரித்தது!

"குழி கடிக்குதாம்! மணலுக்குப் பல்லு முளைச்சிருச்சாம்!" என்று குரங்கு தரையில் உருண்டது. மயில் சிரித்த சிரிப்பில் தோகையிலிருந்து இரண்டு இறகு விழுந்தது.

முள்ளப்பருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "என் குழியையா குறை சொல்றே?" என்று சிலிர்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களைச் சொல்லலண்ணே! குழியைச் சொல்றேன்!" என்றது புள்ளிச்சி. சொல்லிக்கொண்டே ஒரு முன்காலைத் தூக்கி நக்கியது.

முயல் சிரிப்பதை நிறுத்தியது. அந்தக் காலையே உற்றுப் பார்த்தது. படுக்கை போன கோபம் அதற்கு இன்னும் ஆறவில்லைதான். ஆனாலும் மனசுக்குள் ஏதோ இடறியது.

"கரடியாரே, நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றது.

"கேளு!"

"புள்ளிச்சி நனைச்ச இடத்தையெல்லாம் நினைச்சுப் பாருங்க. என் படுக்கை புல்லு. மயிலக்கா ஆடுற இடம் வெறும் புழுதி. குரங்கண்ணன் சாப்பாட்டு இலையும் அப்படித்தான். எல்லாம் காலுக்கு மெத்துன்னு இருக்கிற இடம்! நம்ம மேல கோபத்துல செய்யறான்னா, முதல்ல உங்க பாறையிலதானே செஞ்சிருக்கணும்?"

கரடியார் பாறையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். காய்ந்துதான் இருந்தது.

"குழி அழகா இருக்கு, சுத்தமா இருக்குன்னு நாமதான் சொல்றோம். நம்மள்ல யாராச்சும் அதுக்குள்ள ஒரு தடவை இறங்கிப் பாத்திருக்கோமா?" என்று கேட்டது முயல்.

எல்லோரும் விளிம்பிலேயே நின்று பாராட்டியவர்கள்தானே!

"தாராளமா இறங்கிப் பாக்கட்டும்! யாருக்கு என்ன பயம்?" என்று முள்ளப்பர் உறுமினார்.

"நான் பாக்கறேன்!" என்று குரங்கு துள்ளி எழுந்தது. "பொய்னு தெரியட்டும், நானே இவளைத் தூக்கி ஓடைக்கு அந்தப் பக்கம் போடுறேன்!"

அது அத்திமரத்துக்கு ஓடியது. எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். சும்மா இறங்கினால் குரங்குக்குப் பெருமை ஏது? மரக்கிளையில் ஏறி, "எல்லாரும் பாருங்க!" என்று கத்திவிட்டு, குழிக்குள் தொம்மென்று உட்கார்ந்தது.

"ஐயோ! அம்மா! செத்தேன்!"

உட்கார்ந்த வேகத்தைவிட எழுந்த வேகம் அதிகம்! குரங்கு பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அத்திமரத்தை மூன்று சுற்றுச் சுற்றியது. கரடியார் எட்டிப் பிடித்தார். அதன் பின்பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

முள்!

எல்லோர் பார்வையும் முள்ளப்பர் மேல் திரும்பியது. கரடியார் குழியில் கையை விட்டு மணலைக் கிளறினார். ஒரு முள் வந்தது. இன்னொன்று வந்தது. வந்துகொண்டே இருந்தது! பழைய முள் உதிர்ந்து புது முள் முளைக்கும் பருவம் அது. முள்ளப்பர் அழுத்திச் சீவச் சீவ, உதிர்ந்த முட்கள் மணலுக்குள் புதைந்து, நுனியை மேலே நீட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன!

"என்... என் முள்ளா?" முள்ளப்பரின் குரல் இறங்கிப்போனது. தம் முதுகு அவருக்கு எங்கே தெரியும்! அவர் மெல்லப் போய்ப் புள்ளிச்சியின் பாதங்களைப் பார்த்தார். இரண்டு முன்பாதங்களும் வீங்கிச் சிவந்திருந்தன.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா புள்ளிச்சி?" என்று கரடியார் கேட்டார்.

"பத்து நாளா சொல்றேன் ஐயா! நான் வாயைத் திறந்தாலே எல்லாரும் திட்டுவீங்க. இல்லேன்னா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிருவீங்க. நான் யாருக்கிட்டச் சொல்ல?" என்று சொல்லும்போதே அதற்கு அழுகை வந்துவிட்டது.

அத்தனை பேருக்கும் வெட்கமாகிவிட்டது. முள்ளப்பர் தலையைத் தரையில் வைத்துவிட்டார். "உன் குட்டிகளை நரி வாயில அனுப்பப் பாத்தேனே! என்னை மன்னிச்சிரு தங்கச்சி!"

அப்புறம் நடந்த வேலையைப் பார்க்கவேண்டுமே! கரடியார் பழைய மணலை அள்ளி வெளியே கொட்டினார். முள்ளப்பர் ஓடையிலிருந்து மண்டியிட்டு மண்டியிட்டுப் புது மணலைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இனிமே குச்சியாலதான் கிளறுவேன்!" என்று தாமாகவே சொல்லிவிட்டார். முயல் நனைந்த புல்லைத் தூரத்தில் வீசியது. வாசனை மிச்சமிருந்தால் பூனை மறுபடி அங்கேயே போகும் என்பதால், நனைந்த இடங்களை மயில் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவியது. குரங்கு உட்கார முடியாமல் நின்றுகொண்டே பாதத்துக்குப் பச்சிலை அரைத்துக் கொடுத்தது.

பொழுது சாயும் நேரம். புள்ளிச்சி நொண்டிக்கொண்டே குழியருகே வந்தது. ஒரு பாதத்தை வைத்தது. வெடுக்கென்று எடுத்தது! எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மறுபடி வைத்தது. அழுத்தியது. மெத்தென்று இருந்தது. உள்ளே இறங்கிவிட்டது!

"இறங்கிட்டா! இறங்கிட்டா!" என்று குரங்கு கைதட்டியது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்களேன்! காடே கூடி நின்னு பாத்தா எனக்கு எப்படி வரும்?" என்றது புள்ளிச்சி.

எல்லோரும் சட்டென்று திரும்பிக்கொண்டார்கள். கரடியார் கண்ணையும் மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் மணலைத் தள்ளி மூடும் சத்தம் கேட்டது. வாகைக்காடே "அப்பாடா!" என்று ஆர்ப்பரித்தது. புள்ளிச்சி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு தன் மரப்பொந்துக்குப் போனது.

நல்லபடியாக இருந்தவர் திடீரென்று தவறு செய்தால், தண்டிப்பதற்கு முன் அவருக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.