மதியத்துல பாடுற வண்டி

யாருக்கு வேலை தெரியல? செலின் அக்காவுக்கா?

பட்டறை வாசல்ல நின்னு சொல்லாதீங்க தலைவரே. உள்ள வாங்க. ஜீப்பு பானெட்டத் திறந்து வெச்சிருக்கேன். அந்த கார்புரேட்டரப் பாத்துக்கிட்டே சொல்லுங்க.

அக்கா சாமான் வாங்க ஊட்டிக்குப் போயிருக்காங்க. அதான் எனக்கு வாய் நீளுது. அவங்க இருந்தா உங்களுக்கு ஒரு டீயக் குடுத்து, பேசாம தலையாட்டி அனுப்பிருப்பாங்க. அந்தத் தலையாட்டல்தான் எனக்கு வயித்தெரிச்சல்.

நம்ம எஸ்டேட் லைன் வீடு அத்தனைக்கும் இது ஒரே ஜீப்பு. ஆஸ்பத்திரின்னாலும் இதுதான், எழவுன்னாலும் இதுதான். காத்தோட பெட்ரோலக் கலக்குற கார்புரேட்டரப் பிரிச்சு, கழுவி, வாஷரெல்லாம் புதுசு போட்டுக் கட்டுனது நானும் அக்காவும்.

கட்டுறது பெரிய வேலை இல்ல. ட்யூன் பண்றதுதான் வேலை. குளிருல ஒரே சுத்துல எந்திரிக்கணும், பெட்ரோலையும் மொடாக்குடி குடிக்கக் கூடாது. நடுவுல ஒரு இடம் இருக்கு. இந்தச் சின்ன ஸ்க்ரூவ இறுக்குனா பெட்ரோல் கம்மியாகும், தளத்துனா கூடும்.

நான் ஸ்க்ரூவ மதியமே வெச்சுட்டேன். இன்ஜின் பாட்டுப் பாடுச்சு. அக்காவக் கூப்பிட்டுக் காமிச்சேன்.

"வெயில்ல யாருதான் பாட மாட்டா?"ன்னாங்க.

மறுநாள் விடியல்ல வந்து இன்ஜின் மேல உள்ளங்கைய வெச்சாங்க. ஐஸு. "இப்பப் பாடச் சொல்லு."

இருமுச்சு. தும்முச்சு. படுத்துக்கிச்சு.

கொஞ்சம் தளத்துனாங்க. எடுத்துச்சு. ஆனா சூடாயிருச்சு இல்ல? அன்னிக்கு வேலை அவ்ளோதான். திரும்ப ஆறணும், திரும்ப விடியணும். ஒரு விடியலுக்கு ஒரு திருப்பு. இது என்ன வேலையா, விரதமான்னு நான் சண்டை போட்டேன்.

"வண்டிக்கு அவசரம் மதியத்துல வராதுடா"ன்னாங்க.

கடைசில சரியான இடம் கிடைச்சதும் ஸ்க்ரூ தலைல நகப்பாலிஷால ஒரு கோடு இழுத்து விட்டாங்க. டிரைவர் ராயப்பன் அண்ணன்கிட்ட, பெட்ரோல் மிச்சம் பிடிக்கணும்னா ஆக்சிலேட்டர் கால்ல பிடிங்க, இந்த ஸ்க்ரூ பக்கம் வராதீங்கன்னு சொல்லித்தான் சாவியக் குடுத்தாங்க.

அவரும் வரல. நீங்கதான் வர வெச்சீங்க.

வண்டி பெட்ரோலா குடிக்குதுன்னு டீக்கடை முன்னாடி அவரத் திட்டுனீங்களே, ஞாபகம் இருக்கா? நல்ல வெயில். ஸ்க்ரூவ இறுக்குய்யான்னீங்க. அவரு தயங்குனாரு. ஒரு பொம்பள சொன்னான்னு பயப்படுறியான்னு சிரிச்சீங்க. கூட இருந்தவங்களும் சிரிச்சாங்க. அவரு இறுக்குனாரு. வண்டி பாடுச்சு.

மறுநாள் உறைபனி. விடியக்கால அவரு சம்சாரம் தெரசாவுக்கு மூச்சு முட்டுச்சு. நீங்க போர்வையப் போத்திக்கிட்டு நின்னு பாத்தீங்க. பேட்டரி செத்துப் போற வரைக்கும் சாவியத் திருப்பிக்கிட்டே இருந்தாரு மனுசன். நாங்க தள்ளி விட்டு, சரிவுல ஓட்டி, அது ஒரு வழியா எடுத்தப்ப பின் சீட்டுல தெரசாவோட மூச்சுச் சத்தமே இல்ல.

அந்த ஸ்க்ரூவ இறுக்குனதாலதான் எடுக்கலன்னு உங்களுக்குத் தெரியாதா? அப்ப இப்பத் தெரிஞ்சுக்கங்க.

அடக்கம் முடிஞ்சு அவரு இங்க வந்தாரு. நின்னாரு. "செலினு, அந்த ஸ்க்ரூவ நான் லேசா இறுக்குனேன். அதனாலயா?"

அக்கா பானெட்டத் திறந்து எட்டிப் பாத்தாங்க. நானும் பாத்தேன். கோடு எங்கியோ போயிருந்துச்சு.

"இல்லண்ணே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. உள்ள பெட்ரோல் அளவப் பாக்குற மிதவைய நான்தான் தப்பா வெச்சுட்டேன்"னாங்க.

அவரு அழல. கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டாரு. அவங்களத் திட்டக்கூட இல்ல.

நான் விடல. மிதவை சரியாத்தான இருந்துச்சு, ஊரே நம்மள நாக்கப் புடுங்குற மாதிரி கேக்குது, ஒருத்தனும் வண்டி விட வர மாட்டேங்கறான், எதுக்கு அந்தப் பொய்யின்னு கத்துனேன். அவங்க பானெட்டத் திறந்தாங்க. ஸ்க்ரூவப் பழைய கோட்டுக்கே கொண்டு வந்து வெச்சாங்க. விடியல்ல வரச் சொன்னாங்க.

வந்தேன். இன்ஜின் ஐஸா இருந்துச்சு. "எடு"ன்னாங்க.

சாவியத் தொட்டேன். ஒரே சுத்து. எடுத்துருச்சு.

அக்கா பின் கதவத் திறந்து, தெரசா படுத்திருந்த சீட்டக் காமிச்சுக் கேட்டாங்க: "யாரடா ஏத்தப் போற?"

அதுக்கப்புறம் நான் கத்தல. ராயப்பன் அண்ணன்கிட்ட இன்னிவரைக்கும் சொல்லவும் இல்ல. சொல்லவும் மாட்டேன். தன் கையாலதான் சம்சாரம் போச்சுன்னு அந்த மனுசனுக்குத் தெரிய வேணாம்.

ஆனா ஞாயித்துக்கிழமை லைன் கூட்டத்துல, செலினு பட்டறைக்கு இனிமே வண்டி விடக் கூடாதுன்னு நீங்க பேசப் போறீங்களாம். பேசுங்க. நானும் வருவேன். எல்லாரும் இருக்கும்போது எந்திரிச்சு ஒண்ணே ஒண்ணு கேப்பேன்: தலைவரே, அன்னிக்கு வண்டி ஏன் எடுக்கல?

எங்கக்கா ஒரு பொய் சொல்லி அத இவ்ளோ நாளா சுமந்துட்டாங்க. மிச்சத்த நீங்களும் ஒரு பொய் சொல்லிச் சுமங்க. ராயப்பன் வெச்ச இடம் சரியாத்தான் இருந்துச்சு, அவன் வீட்டுக்குப் போனப்புறம் நான்தான் போய் இன்னும் இறுக்குனேன்னு சொல்லுங்க.

ராயப்பன் அண்ணன் முன் வரிசைலதான் உக்காந்திருப்பாரு. குனிஞ்சுக்கிட்டு இல்ல, அவரு மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லுங்க.