இரைச்சல் அடங்கிய பக்கம்

"டீச்சர், பெட்டி நல்லா வேலை செய்யுது. அதுதான் பிரச்சினை" என்றார் செபஸ்தி.

ஜெனோவா தலை நிமிரவில்லை. அவள் கையில் சால்டரிங் அயர்ன் புகைந்துகொண்டிருந்தது.

"வேலை செய்யாததைக் கொண்டாங்க அங்கிள், பார்க்கலாம். வேலை செய்யறதுக்கு நான் எதுக்கு?"

பொன்மலை ரயில்வே காலனியில் கிட்டார்காரர்களுக்குப் பெட்டி செய்து தருகிறவள் ஜெனோவா. கொஞ்ச காலம் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தாள். அந்த வேலை போய்விட்டது, டீச்சர் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

செபஸ்திக்கு அவள் அப்பா வயது. ரயில்வேயில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் கற்றுக்கொள்ள வந்தவர் அவர்தான். அதனால் முதுகு சாய்க்க முடியாத ஸ்டூல் அவருக்கு, நாற்காலி அவளுக்கு.

அவர் செய்துகொண்டிருந்தது ஒரு ஃபஸ் பெட்டி. கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் கிடக்கும். காலால் மிதித்தால் கிட்டாரின் ஓசை கிழிந்து, கல்லெறிபட்ட தேன்கூடு மாதிரி கரகரக்கும். இப்போது கடையில் விதவிதமாகக் கிடைக்கிறது. அவருக்குக் கடைப் பெட்டி வேண்டாம். எமில்டா மிதித்த அதே பெட்டி வேண்டும்.

எமில்டா அவர் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால், காலனிக்காரர்கள் கூடி ஆடுகிற ரயில்வே இன்ஸ்டிட்யூட்டின் பேண்டில் கிட்டார் வாசித்தவள். அவள் பெட்டி, அதே பேண்டில் டிரம்ஸ் வாசித்த ரொனால்டோடு வெளிநாட்டுக்கு, பெர்த் நகரத்துக்குப் போய்விட்டது. எமில்டா போன வருஷம் போய்விட்டாள்.

துக்கம் விசாரித்து ரொனால்ட் ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். அதில் பெட்டியைத் திறந்து எடுத்த படங்களும் ஒரு பழைய கேசட்டும் இருந்தன.

படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் செபஸ்தி தன் பெட்டியைச் செய்தார். கண்டன்சர் அதே கம்பெனி. டிரான்சிஸ்டர் அதே பழைய ஜெர்மானியம் வகை, வெயில் ஏறினால் உளறுகிற சாதி. பெட்டிக்கு அடித்த சாம்பல் பெயின்ட்கூட அதே சாம்பல்.

"கேசட்டைப் போடுங்க" என்றாள் ஜெனோவா.

போட்டார்.

ஒரு நடனப் பாட்டு. கிட்டார் கரகரவென்று ஓடியது. அடிக்கடி எல்லா வாத்தியங்களும் ஒரு மூச்சு நேரம் நின்று, மறுபடி சேர்ந்துகொண்டன. நிற்கும்போதெல்லாம் பெட்டியின் இரைச்சல் மட்டும் 'ம்ம்ம்' என்று மேலே வந்தது, தூரத்து மாவு மில் மாதிரி.

"இங்க" என்று செபஸ்தி விரலைத் தூக்கினார்.

வாத்தியங்கள் நின்றன. இரைச்சல் வரவில்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும் சுத்தமான அமைதி. பிறகு பாட்டு தொடர்ந்தது.

"கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலையே."

"அதைத்தான் கேட்டேன்."

பழைய பெட்டியில் எங்கோ ஒரு லூஸ் காண்டாக்ட் இருந்திருக்க வேண்டும், அதுதான் ஒரு நொடி விட்டுப் பிடித்திருக்கிறது என்பது அவர் கட்சி. தன் பெட்டி ஒரு இடம் விடாமல் இரைகிறது. அந்தக் குறையும் சேர்ந்தால்தான் அது எமில்டாவின் பெட்டி. ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்து அரைகுறையாகப் பற்றவைத்துப் பார்த்துவிட்டார். வரவில்லை.

"சர்வீஸ் முழுக்க ஒரு லூஸ் காண்டாக்ட் விட்டதில்ல டீச்சர். இப்போ வேணும்னு வைக்கப் பார்த்தா கை வர மாட்டேங்குது."

"அதுக்கு என்கிட்ட வந்தீங்களா? என் சால்டரிங் அவ்வளவு மோசமா?"

செபஸ்தி சிரிக்கவில்லை. கேசட்டைப் பின்னால் ஓட்டி அந்த இடத்தை மறுபடி வைத்தார். மறுபடியும்.

ஜெனோவா அயர்னைத் தாங்கியில் வைத்தாள். கேசட்டில் பதிவானது எந்த நாள் என்று கேட்டாள்.

ஈஸ்டர் டான்ஸ் என்றார். பிறகு, அவள் கேட்காததையும் சொன்னார்.

அதற்கு முந்தின வாரம்தான் தன் அக்காவை அனுப்பி எமில்டா வீட்டில் பெண் கேட்டிருந்தார். பதில் இல்லை. டான்ஸ் முடிந்த மறுநாள் அவள் அப்பாவே சைக்கிளில் வந்து, எங்களுக்குச் சம்மதம் என்றார்.

எங்களுக்கு என்றார். அவளுக்கு என்று சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் எமில்டா பெட்டியை ரொனால்டிடம் கொடுத்துவிட்டாள். கிட்டார் பீரோவுக்கு மேலே ஏறியது. யாரும் ஏற்றச் சொல்லவில்லை. யாரும் இறக்கவும் சொல்லவில்லை. அவளோடு நல்லபடியாக வாழ்ந்தார். பிள்ளைகள் வந்தார்கள், படித்தார்கள், போனார்கள். அவள் சமையலறையில் மெட்டு முணுமுணுக்கும்போதெல்லாம் உனக்கும் சம்மதமாக இருந்ததா என்ற அந்த ஒரு கேள்வி செபஸ்திக்கு வாய் வரைக்கும் வரும். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, இத்தனை வருஷம் கழித்தா என்று இருந்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில் வாயெடுத்தார். அவள் தண்ணீர் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்றாள் ஜெனோவா.

"டியூட்டியில. மேடை ஓரத்துல, ஸ்விட்ச் போர்டு கிட்ட."

"அவங்களைப் பார்த்துக்கிட்டா?"

"எங்க பார்த்தேன்? பதில் சொல்லாத பொண்ணை எந்த முகத்தோட பார்க்கறது? முழுப் பாட்டுக்கும் தலையைக் குனிஞ்சு கையில இருந்த ஃப்யூஸையே பார்த்துட்டு இருந்தேன்."

அவள் எழுந்தாள்.

"பெட்டியை எடுங்க அங்கிள். வெயில் இறங்கினதும் இன்ஸ்டிட்யூட் போலாம். கிட்டாரையும் எடுத்துக்குங்க."

வாட்ச்மேன் செபஸ்தியைப் பார்த்ததும் திறந்துவிட்டார். யார் வீட்டு வரவேற்புக்கோ நாற்காலிகள் அடுக்கியிருந்தன. மேடை அதே மேடை.

செபஸ்தி ஸ்பீக்கரை வைத்தார், ஒயரை இழுத்தார். அந்த வேலையில் அவர் கை இன்னும் தடுமாறவில்லை.

"அவங்க எங்க நிப்பாங்க?"

தரையில் அடையாளம் ஒன்றும் இல்லை. அவர் தேடவும் இல்லை. நேராகப் போய் ஒரு பலகையைக் காலால் தொட்டுக் காட்டினார்.

"கிட்டாரை மாட்டிக்கிட்டு அங்க நில்லுங்க."

"எனக்கு வாசிக்கத் தெரியாதே."

"வாசிக்கச் சொன்னேனா?"

மாட்டிக்கொண்டார். பட்டை எமில்டாவின் தோளுக்கு வைத்த அளவிலேயே இருந்தது. கிட்டார் அவர் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. காலி நாற்காலிகளைப் பார்த்து நின்று பெட்டியை மிதித்தார்.

'ம்ம்ம்' என்று ஹால் நிறைந்தது.

"பின்சுவருக்கு அந்தாண்ட என்ன இருக்கு?"

"டிரான்ஸ்ஃபார்மர்."

"அன்னைக்கு?"

"அன்னைக்கும்தான்."

"அதோட இரைச்சலைத்தான் பழைய கிட்டார் பிடிக்குது, பெட்டி பெருசாக்குது. ஆனா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிடிக்காது. கேசட்ல அந்த இடத்துல அவங்க எந்தப் பக்கமோ திரும்பியிருக்காங்க. திரும்புங்க."

"எந்தப் பக்கம்?"

"அடங்கற பக்கம்."

செபஸ்தி இடது பக்கமாகத் திரும்பினார். இரைச்சல் இளைத்தது. இன்னும் கொஞ்சம் திரும்பினார். நின்றுவிட்டது. எதிரே சுவர், உயரத்தில் ஒரு வென்டிலேட்டர்.

"வெறும் சுவர்" என்றார்.

"அன்னைக்கு?"

"அன்னைக்கும் சுவர்தான். யாரும் இல்ல."

"வேற எங்கயாவது அடங்குதா பாருங்க."

அவர் திரும்பினார். நாற்காலிகளுக்கு நேராக வந்தபோது இரைச்சல் ஏறியது. அன்று ரொனால்ட் டிரம்ஸோடு உட்கார்ந்திருந்த பின்பக்கம் பார்த்தார். ஏறியது. வலது பக்கம் திரும்பினார். மெலிந்தது. இன்னும் மெலிந்தது. சட்டையின் பித்தான் கிட்டாரில் உரசும் சத்தம்கூடக் கேட்டது.

அடங்கிவிட்டது.

கேசட்டில் வரும் அதே அமைதி.

எதிரே ஸ்விட்ச் போர்டின் இரும்புப் பெட்டி. பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து மூலைகள் மழுங்கியிருந்தன. அதற்குக் கீழே, சுவரோரமாக, ஒரு ஆள் நிற்கும் இடம்.

பெட்டியை அணைக்கவா என்று கேட்டாள் ஜெனோவா.

செபஸ்தி, அன்று தான் குனிந்து நின்ற அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிமிருடா" என்றார்.