கரும்புக்குக் கண் கிடைத்தது

சொற்களுக்கு வேலி போட்டிருந்த அந்தக் காலத்தில் பறவையும் பயிரும்கூடப் பேசின. ஒரு சொல்லுக்கு ஒரே சொந்தக்காரர். அவர் சம்மதம் இல்லாமல் அதை வேறொன்றுக்குச் சொன்னால் நாக்கு வீங்கிவிடும். 'கண்' என்ற சொல் பார்வையுள்ள உயிர்களுக்கு மட்டும் சொந்தம். அதற்குக் காவல் கழுகு.

இதனால் அழியப் போனது கரும்பு. அதன் ஒவ்வொரு கணுவிலும் பயறளவு புடைப்பு ஒன்று உண்டு. அதிலிருந்துதான் அடுத்த கரும்பு முளைக்கும். ஆனால் அதற்குப் பெயர் இல்லை.

செங்கோடன் விதைக் கரும்பு வெட்டும்போதெல்லாம் அவன் மனைவி பாவாயி கத்துவாள்.

"மாமா, அதை விட்டு வெட்டுங்க!"

"எதை?"

"அதுதான், அந்த இதை!"

"அந்த இதுன்னா எந்த அது?" என்று கேட்டுக்கொண்டே அரிவாளை இறக்குவான். புடைப்பு பிளந்துபோகும்.

எல்லா ஊரிலும் இதே கதைதான். கடைசியில் மிஞ்சியது ஒரே துண்டு. அதில் ஒரே புடைப்பு. பாவாயி அதை மடியில் கட்டிக்கொண்டு கழுகிடம் போனாள்.

"உங்க சொல்லை எனக்கும் கொடுங்க சாமி" என்றது துண்டு.

கழுகு சிரித்தது. "கண்ணு கிடைச்சா எதைப் பார்க்கப் போற? பக்கத்து வயல் எருமையையா?"

"வெளிச்சத்தைப் பார்ப்பேன்."

"அப்படியா? உன்னோட அந்த 'இது' அடியில இருக்கிற மாதிரி புதைக்கிறேன். மேல எதுன்னு தெரிஞ்சு வந்துட்டா, சொல் உனக்கு."

பாவாயி துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் சாமி. இது அழுகிட்டா உலகத்துல கரும்பே இல்ல."

"மடியில இருந்தாலும் காய்ஞ்சுதான் போவேன் அக்கா" என்றது துண்டு. "புதைக்கச் சொல்லு."

கழுகே குழி பறித்துப் புதைத்து மண்ணை மிதித்தது. பாவாயி தினமும் தண்ணீர் ஊற்றினாள். கழுகு மேலே வட்டமிட்டு, "வெல்லம் காய்ச்சியாச்சா பாவாயி?" என்று சீண்டியது.

பதின்மூன்றாம் நாள் காலையில் மண் வெடித்தது. அடியிலிருந்து துண்டைச் சுற்றி வளைந்து வந்த பச்சை முனை ஒன்று, சூரியனுக்கு நேராக நின்றது.

கழுகு இறங்கிவந்து வெகுநேரம் பார்த்தது. "நான் வெளிச்சத்துல இருந்து பார்க்கிறேன். இது இருட்டுக்குள்ள இருந்து பார்த்திருக்கு. கண்ணு இதுக்கும் சொந்தம்."

முளை வளர்ந்து முற்றியது. செங்கோடன் அரிவாளை எடுத்தான்.

"கண்ணை விட்டு வெட்டுங்க மாமா!"

ஒரு துண்டுகூட வீணாகவில்லை. நாலே வருஷத்தில் வாய்க்கால் நெடுகக் கரும்பு ஆளுயரம் நின்றது. சேதி கேட்டு வலையும் தேங்காயும் மத்தளமும் கழுகிடம் வந்து நின்றன. அது யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

வலைக்குக் கண், தேங்காய்க்கு மூன்று கண், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் கண் என்று நாம் வாய் நிறையச் சொல்வது அன்று தொடங்கியதுதான்.